"தேடிப் பார்த்துவிட்டோம்" என்கிறீர்கள்: தமிழ்ப் பள்ளி நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

கலிபோர்னியாவில் நம் பிள்ளைகள் படிக்கும் வார இறுதித் தமிழ்ப் பள்ளியின் நிர்வாகக் குழுவினருக்கு,

இந்தக் கல்வியாண்டின் முதல் சுற்றறிக்கையில் ஒரு பத்தி எழுதியிருந்தீர்கள். ஆசிரியர், உதவியாளர் எல்லோருடைய பெயரையும், பாலியல் குற்றவாளிகள் பதிவேட்டைப் பொதுமக்களுக்குக் காட்டும் மாநிலத்தின் மீகன் சட்ட இணையதளத்தில் போட்டுத் தேடிவிட்டீர்களாம். ஒரு பெயரும் சிக்கவில்லையாம். ஆகவே கைரேகைச் சோதனை இந்த ஆண்டு வேண்டாம் என்று முடிவு. இரண்டு நாள் கழித்துப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் உங்கள் தரப்பிலிருந்தே ஒரு ஸ்கிரீன்ஷாட் வந்தது. பள்ளிக் கட்டடத்தைச் சுற்றிய வரைபடம், ஓரத்தில் ஒருவருடைய முகம், தெருப் பெயர், கீழே "எல்லாரும் பார்த்து வெச்சுக்கோங்க, ஃபார்வர்ட் பண்ணுங்க" என்று ஒரு வரி.

இரண்டையும் எங்களால் ஏற்க முடியாது. உங்கள் அக்கறையில் எங்களுக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் பாலியல் குற்றவாளிகள் பதிவேடு எதற்காக இருக்கிறது, அதில் யார் வருவார், யார் வரமாட்டார் என்று பார்க்காமல் எடுத்த முடிவு இது.

முதலில் பெயர் தேடல். சுற்றறிக்கையின் முழுப் பாரமும் அதன்மேல்தான் நிற்கிறது.

தேடும் பக்கத்தில் முதற்பெயருக்கு ஒரு கட்டம், குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம். நம் பெயர்கள் அந்த இரண்டு கட்டத்துக்குள் ஒழுங்காக உட்காருவதில்லை என்பது இங்கே ஓட்டுநர் உரிமம் எடுத்த எல்லோருக்கும் தெரியும். ஒருவருக்கு அப்பா பெயர் குடும்பப் பெயராகியிருக்கும், இன்னொருவருக்குத் தாத்தா பெயரோ ஊர்ப் பெயரோ. இந்தியக் கடவுச்சீட்டில் குடும்பப் பெயருக்கான இடம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் முழுப்பெயரும் குடும்பப் பெயர்க் கட்டத்துக்குப் போய்விடும். முதற்பெயர்க் கட்டத்தில் 'எஃப்.என்.யு' என்று மூன்று எழுத்து ஏறிக்கொள்ளும். முதற்பெயர் தெரியாது என்பதன் சுருக்கம் அது. நம் பள்ளிப் பதிவேட்டில் 'எஸ். குமார்' என்று இருப்பவர் அரசு ஆவணத்தில் எந்தக் கட்டத்தில் எப்படி இருக்கிறார் என்று கேட்டு வாங்கினீர்களா? வாங்காமல் தேடியிருந்தால், வந்த வெற்றுத் திரைக்குப் பொருளே இல்லை.

அடுத்தது எழுத்துக்கூட்டல். கார்த்திக் என்ற பெயரின் கடைசியில் 'கே' மட்டும் போடுகிறவர் உண்டு, 'சி-கே' போடுகிறவர் உண்டு. சண்முகத்தை 'எஸ்-எச்' என்றும் வெறும் 'எஸ்' என்றும் தொடங்குவார்கள். ஆறுமுகத்துக்கு ஒரு 'ஏ'யும் உண்டு, இரண்டு 'ஏ'யும் உண்டு. 'ழ'கரம் வந்தால் கேட்கவே வேண்டாம். 'இசட்-எச்' ஒரு கட்சி, 'எல்' ஒரு கட்சி. ஒரே ஆளின் பெயர் கடவுச்சீட்டில் ஒரு விதமாகவும் சம்பளச் சீட்டில் இன்னொரு விதமாகவும் இருக்கும். பதிவேட்டில் இருக்கும் பெயர், நீதிமன்றத் தீர்ப்பிலும் பதிவு செய்த காவல் நிலையத்திலும் எப்படி எழுதப்பட்டதோ அப்படி. எனவே குடும்பப் பெயரை மட்டும் போட்டுத் தேட வேண்டும், பிறகு இரண்டு பெயரையும் இடம் மாற்றிப் போட வேண்டும், பிறகு அவருடைய எல்லா எழுத்துக்கூட்டலையும் ஒவ்வொன்றாகப் போட வேண்டும். ஒரு ஆளுக்குப் பத்து நிமிடமாவது ஆகும் வேலை. சுற்றறிக்கையில் சொன்னபடி ஒரே மாலையில் எல்லோரையும் முடித்திருக்கிறீர்கள் என்றால், எப்படித் தேடியிருப்பீர்கள் என்று ஊகிக்க முடிகிறது.

மூன்றாவது, எங்கே தேடினீர்கள் என்பது. மாநிலத் தளம் கலிபோர்னியாவில் பதிவு செய்தவர்களை மட்டுமே காட்டும். நம் ஆசிரியர்களில் பாதிப்பேர் நியூ ஜெர்சியிலோ டெக்சஸிலோ சில வருடம் இருந்துவிட்டு வந்தவர்கள். அதற்கென்றே கூட்டாட்சி நீதித்துறை நடத்தும் தேசியத் தேடல் தளம் இருக்கிறது, என்.எஸ்.ஓ.பி.டபிள்யூ டாட் கவ் என்பது முகவரி. 2003இல் வடக்கு டகோட்டாவில் கடத்திக் கொல்லப்பட்ட கல்லூரி மாணவி ட்ரூ ஷோடீனின் பெயரைத் தாங்கியது. அந்தக் கொலையாளி பக்கத்து மாநிலமான மினசோட்டாவில் ஏற்கெனவே பதிவேட்டில் இருந்தவர். மாநில எல்லையோடு தேடலை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு அதற்கு மேல் உதாரணம் வேண்டாம்.

தேசியத் தளத்தைப் பற்றியும் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். அது எந்தப் பதிவையும் தன்னிடம் வைத்திருப்பதில்லை. நீங்கள் பெயரைப் போட்டதும் 50 மாநிலங்கள், தலைநகர் வாஷிங்டன், போர்ட்டோ ரிக்கோ போன்ற ஆட்சிப்பகுதிகள், பழங்குடி நிர்வாகங்கள் ஆகியவற்றின் பதிவேடுகளிடம் அந்த நொடியில் கேட்டு, வந்த பதிலைக் காட்டுகிறது. ஒரு மாநிலத்தின் கணினி அந்த நேரம் படுத்திருந்தால் அந்த மாநிலத்தின் பதில் வராது. அதற்கான குறிப்பு மட்டும் பக்கத்தில் இருக்கும். யாரும் அதைப் படிப்பதில்லை. மறுநாள் அதே பெயரை மீண்டும் தேடுவதுதான் வழி.

மாநிலம் காட்டாததைத் தேசியத் தளமும் காட்டாது. நியூயார்க்கில் முதல் நிலை, அதாவது குறைந்த ஆபத்து, என்று வகைப்படுத்தியவர்கள் இணையத்தில் வரமாட்டார்கள். தொலைபேசியில் பெயர் சொல்லிக் கேட்டால்தான் தெரியும். மாசசூசெட்ஸில் இரண்டாம், மூன்றாம் நிலை மட்டும்தான் பொதுப் பார்வைக்கு. நியூ ஜெர்சியில் குறைந்த ஆபத்து என்று முடிவானவர்கள் இணையத்தில் இல்லை.

கலிபோர்னியா 1947லிருந்தே பதிவேடு வைத்திருக்கும் மாநிலம், நாட்டிலேயே முதலாவது. பொதுமக்கள் இணையத்தில் பார்க்கும்படி ஆனது 2004 டிசம்பரில்தான். 2021 ஜனவரி 1 முதல் மூன்று அடுக்கு முறை வந்தது: முதல் அடுக்குக்குக் குறைந்தது 10 ஆண்டு பதிவு, இரண்டாவதுக்கு 20, மூன்றாவதுக்கு ஆயுள் முழுக்க. முதல் அடுக்கில் இருப்பவர்களில் பெரும்பாலோர் இணையதளத்தில் காட்டப்படுவதில்லை. இரண்டாம் அடுக்கில் பலருக்கு ஊரும் ஜிப் கோடும் மட்டும் வரும். வீட்டு முகவரி வராது, ஆகவே வரைபடத்தில் புள்ளியும் விழாது. யாருடைய வேலை இடத்தையும் தளத்தில் காட்டக்கூடாது என்று சட்டமே சொல்கிறது. பள்ளிக் கட்டடத்தைச் சுற்றி வரைபடத்தில் பார்த்தோம் என்றால், அங்கே வீட்டு முகவரி காட்டப்படும் சிலரைப் பார்த்தோம் என்று மட்டும்தான் அர்த்தம். அந்தக் கட்டடத்தில் சனிக்கிழமை காலையில் துடைப்பம் பிடிப்பவர், காவலுக்கு நிற்பவர் யாரென்று அந்த வரைபடத்துக்குத் தெரியாது.

இதெல்லாம் பதிவேட்டில் ஏறியவர்கள் கதை. ஏறாதவர்கள்தான் அதிகம். கைதாகி வழக்கு நடந்துகொண்டிருப்பவர் வரமாட்டார். பேரம் பேசிப் பதிவு தேவைப்படாத சிறு குற்றத்தை ஒப்புக்கொண்டவர் வரமாட்டார். புகாரே கொடுக்கப்படாதவர் வரவே மாட்டார். நியூயார்க் மாநிலத்தில் பாலியல் குற்றத்துக்காக நடந்த கைதுகளை இருபது வருடத்துக்கு மேல் பின்னோக்கி ஆராய்ந்து 2008இல் வெளியான ஆய்வில், கைதானவர்களில் 95 சதவீதத்துக்கு மேல் முன்பு பாலியல் குற்றத் தண்டனை இல்லாதவர்கள். கூட்டாட்சி நீதித்துறையின் புள்ளியியல் பிரிவு 2000இல் வெளியிட்ட அறிக்கையில், சிறார் மீதான பாலியல் குற்றங்களாகக் காவல்துறைக்கு வந்த வழக்குகளில் குற்றம் செய்தவர் முன்பின் தெரியாதவராக இருந்தது 7 சதவீதம். மற்றவர் எல்லாம் குடும்பத்தாரோ பழகியவரோ. 'மாமா', 'சார்', 'டீச்சர்' என்று பிள்ளை கூப்பிடும் ஆட்கள். அந்த ஆட்களைத்தான் நீங்கள் தேடிப் பார்த்துவிட்டதாகச் சொல்கிறீர்கள்.

நம் சமூகத்துக்கென்று இன்னொரு ஓட்டை இருக்கிறது. ஊரிலிருந்து வந்து சில மாதமே ஆன ஒருவர், கோடை முகாமுக்கு வரும் கூத்துக் கலைஞர், பறை கற்றுத்தர வருபவர் ஆகியோருக்கு அமெரிக்கப் பதிவேடு எதுவும் உதவாது. இந்தியாவில் 2018 செப்டம்பர் 20 அன்று பாலியல் குற்றவாளிகளுக்கான தேசியத் தரவுத்தளம் தொடங்கினார்கள். தொடங்கும்போதே 4.4 லட்சத்துக்கு மேல் பதிவுகள். ஆனால் அது காவல்துறை, விசாரணை அமைப்புகளுக்கு மட்டும். பொதுமக்கள் தேட முடியாது. நம் ஊர்க்காரர் ஒருவரைப் பற்றி அப்படித் தேடிப் பார்த்ததாக யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இனி கைரேகைச் சோதனைக்கு வருகிறோம். வேண்டாம் என்று நீங்கள் முடிவு செய்வதற்கு இது உங்கள் விருப்பத்தில் இருக்கும் விஷயம் அல்ல. ஏ.பி. 506 என்ற கலிபோர்னியச் சட்டம் 2022 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. சிறாரோடு நேரடியாகப் பழகும் இளையோர் சேவை அமைப்புகளின் நிர்வாகிகள், ஊழியர்கள், வழக்கமான தன்னார்வலர்கள் எல்லோரும் லைவ் ஸ்கேன் என்ற மின்னணுக் கைரேகைச் சோதனைக்கு உட்பட வேண்டும். சிறார் மீதான வன்முறையை அடையாளம் கண்டு புகார் செய்யும் பயிற்சியை முடிக்க வேண்டும். வழக்கமான தன்னார்வலர் யார் என்பதையும் சட்டமே சொல்கிறது: 18 வயது நிறைந்தவர், மாதம் 16 மணி நேரத்துக்கு மேலோ ஆண்டுக்கு 32 மணி நேரத்துக்கு மேலோ பிள்ளைகளோடு நேரடியாக இருப்பவர். நம் வகுப்பு வாரம் 2 மணி நேரம். 17ஆவது வாரத்திலேயே ஒவ்வொரு ஆசிரியரும் அந்தக் கோட்டைத் தாண்டிவிடுகிறார். "நாம் சும்மா தமிழ் சொல்லித்தருகிறோம், இது நமக்குப் பொருந்தாது" என்று குழுவில் சிலர் சொல்வதாக அறிகிறோம். அப்படியானால் அதை ஒரு வழக்கறிஞரிடம் எழுத்தில் வாங்குங்கள், நாங்களும் படிக்கிறோம்.

லைவ் ஸ்கேன் ஏன் பெயர் தேடலைவிட மேல்? விரல் ரேகைக்கு எழுத்துக்கூட்டல் கிடையாது, எஃப்.என்.யு கிடையாது. பொதுத் தளத்தில் மறைக்கப்படும் முதல் அடுக்குக்காரரின் தண்டனையும் மாநில நீதித்துறையின் குற்றப் பதிவில் இருக்கும். இன்னொன்றும் உண்டு, அதைத்தான் யாரும் சொல்வதில்லை: ஒருவர் ரேகையை ஒருமுறை பதிந்துவிட்டால், பின்னாளில் அவர் கலிபோர்னியாவில் கைதானாலும் பள்ளிக்கு அறிவிப்பு வரும். இணையத் தேடல் அன்றைய மாலை வரைக்கும்தான்.

செய்முறை கடினமில்லை, ஆனால் தடுக்கி விழும் இடங்கள் சில உண்டு. பள்ளி முதலில் மாநில நீதித்துறையிடம் விண்ணப்பித்து ஓ.ஆர்.ஐ என்ற அமைப்பு எண்ணைப் பெற வேண்டும். வந்து சேரும் குற்றப் பதிவுகளைப் பூட்டி வைக்கப் பொறுப்பாளர் ஒருவரை நியமிக்க வேண்டும். அவருக்கும் தனியாகச் சோதனை உண்டு. இதற்கு வாரக்கணக்கில் ஆகும் என்பதால் வகுப்பு தொடங்கும் மாதத்தில் ஓடிப் பயனில்லை. எண் வந்ததும் பி.சி.ஐ.ஏ 8016 என்ற படிவத்தில் அதை நீங்களே நிரப்பிக் கொடுங்கள். தன்னார்வலரை நிரப்பச் சொன்னால் ஒரு எழுத்து மாறி, முடிவு வேறு ஏதோ அமைப்புக்குப் போய்ச் சேரும். அந்த ஆள் மறுபடி காசு கட்டி மறுபடி ரேகை வைக்க வேண்டும். மாநிலம், எஃப்.பி.ஐ என்று இரண்டு சோதனைக்கும் கட்டம் இருக்கிறது. எஃப்.பி.ஐ கட்டத்தை விட்டுவிட்டால் கலிபோர்னியப் பதிவு மட்டும் வரும். நியூ ஜெர்சியில் இருந்துவிட்டு வந்தவர் கதை மறுபடி. ரேகை எடுக்கும் கடைகள் சேவைக் கட்டணம் வாங்கும், இடத்துக்கு இடம் அது மாறும். தன்னார்வலர் என்று படிவத்தில் குறித்தால் அரசுக் கட்டணத்தில் சலுகை கிடைக்கும். வயதான ஆசிரியர்களுக்கும், பாத்திரம் தேய்த்துத் தேய்த்து விரல் வழவழத்தவர்களுக்கும் ரேகை சரியாக விழாது, திருப்பி அனுப்புவார்கள். மறுபடி போக வேண்டும், அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. ரேகை எடுத்ததும் தரும் தாளில் ஏ.டி.ஐ என்று ஒரு எண் இருக்கும். தாமதமானால் எங்கே நிற்கிறது என்று பார்க்க அதுதான் ஆதாரம், தாளைத் தொலைக்கக் கூடாது. "நான் பப்ளிக் ஸ்கூலில் வேலை பார்க்கிறேன், அங்கே ஏற்கெனவே எடுத்தாயிற்று" என்பதும் செல்லாது. ஒரு அமைப்புக்கு வந்த முடிவை இன்னொரு அமைப்புக்கு மாற்ற முடியாது.

இனி அந்த ஸ்கிரீன்ஷாட். பதிவேட்டுத் தகவலை ஒருவரைத் தொல்லை செய்யவோ மிரட்டவோ பயன்படுத்துவது குற்றம் என்று தளத்துக்குள் நுழையும்போதே ஒப்புக்கொள்ளச் சொல்வார்கள். படிக்காமல் ஒப்புக்கொள்கிறோம். அந்தத் தகவலை வைத்து ஒரு சிறு குற்றம் செய்தால்கூட, அந்தக் குற்றத்துக்கான தண்டனைக்கு மேல் 10,000 முதல் 50,000 டாலர் வரை தனி அபராதம். பெருங்குற்றமானால் கூடுதலாக 5 ஆண்டு சிறை. 300 பேர் இருக்கும் குழுவில் எவர் என்ன செய்வார் என்று யாருக்குத் தெரியும்?

சட்டத்தை விடுங்கள், அந்தப் படம் தகவலாகவும் பயனற்றது. முகத்தையும் தெருவையும் மட்டும் வெட்டி எடுத்திருக்கிறீர்கள். எந்தச் சட்டப் பிரிவு, எந்த ஆண்டு தண்டனை, எந்த ஆண்டு விடுதலை என்பதெல்லாம் வெட்டில் போய்விட்டது. 14 வயதுக்குட்பட்ட குழந்தையிடம் அத்துமீறிய 288(ஏ) பிரிவுக்காரரும், பெரியவர் ஒருவரிடம் அத்துமீறி முப்பது வருடம் ஆனவரும் அந்தப் படத்தில் ஒன்றுதான். பதிவானவர் வீடு மாறினால் 5 வேலை நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், தளமும் அதன்படி மாறும். வாட்ஸ்அப் படம் மாறாது. அவர் போன பிறகு அந்த வீட்டுக்குக் குடிவருபவரின் கதவை யாரோ தட்டுவார்கள்.

பெற்றோர் தேடவே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. தேட வேண்டும், அது நம் உரிமை. குடிபோகும் தெரு, பிள்ளை விளையாடப் போகும் பூங்கா, தங்கப் போகும் தோழியின் வீடு, இதற்குத்தான் அந்தத் தளம். டாட் கவ் என்று முடியும் முகவரிக்கு நேராகப் போங்கள். கூகுளில் தேடினால் மேலே வரும் விளம்பரத் தளங்கள் பெயரை வாங்கிக்கொண்டு, முடிவு காட்டக் காசு கேட்கும்; அரசுத் தளம் ஒரு காசும் கேட்பதில்லை, கடன் அட்டையும் கேட்பதில்லை. முகவரியைப் போட்டு வரைபடத்தைப் பார்த்தால் மட்டும் போதாது. அதே ஜிப் கோடைத் தனியாகப் போட்டுப் பட்டியலையும் பாருங்கள்; முகவரி காட்டப்படாதவர்கள் அங்கேதான் வருவார்கள். நிலையான வீடில்லாதவர்கள் 30 நாளுக்கு ஒருமுறை பதிவு புதுப்பிப்பவர்கள், அவர்களுக்கும் புள்ளி இராது. ஒருவருடைய பக்கத்தைத் திறந்தால் மாற்றுப் பெயர்களையும் குற்றப் பிரிவையும் தண்டனை ஆண்டையும் சேர்த்துப் படியுங்கள். பெயர் ஒன்றாக இருப்பதால் ஆள் ஒன்றாகிவிடாது. ஐயம் இருந்தால் உள்ளூர்க் காவல் நிலையத்தில் கேளுங்கள், தெருவில் கேட்காதீர்கள். வீடு மாறும்போதும், ஆண்டுக்கு இரண்டு முறையும் திரும்பத் தேடுங்கள்.

நாங்கள் கேட்பது இவை.

சுற்றறிக்கையில் உள்ள அந்தப் பத்தியைத் திரும்பப் பெறுங்கள். "பெயர் தேடியதில் வரவில்லை" என்பதைப் பாதுகாப்புச் சான்றாக இனி எந்த அறிவிப்பிலும் எழுதாதீர்கள்.

ஓ.ஆர்.ஐ எண்ணுக்கு இந்த மாதமே விண்ணப்பியுங்கள். விண்ணப்பித்த தேதியையும், பதிவுப் பொறுப்பாளர் யார் என்பதையும் அடுத்த பெற்றோர் கூட்டத்தில் சொல்லுங்கள். தன்னார்வலர்களின் ரேகைச் செலவைப் பள்ளி ஏற்கட்டும். ஆண்டு விழா மேடை அலங்காரத்தில் கொஞ்சம் குறைத்தால் தீரும் செலவுதான் இது. முடியாவிட்டால் பெற்றோர் பகிர்ந்துகொள்ளத் தயார்.

சோதனை முடிவு வராத எவரும் பிள்ளைகளோடு தனியே இருக்கக் கூடாது. முடிவு வந்தவருக்கும் இதே விதிதான். ஒரு வகுப்பில் எப்போதும் இரண்டு பெரியவர்கள். இயன்றவரை அப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஏ.பி. 506உம் சொல்கிறது, அந்த இருவரும் புகார் செய்யும் சட்டக் கடமை உள்ளவர்களாக இருக்க வேண்டும் என்கிறது. கழிப்பறைக்குக் கூட்டிப்போவதற்கும், தாமதமாக வரும் பெற்றோருக்காகக் காத்திருப்பதற்கும், ஊரிலிருந்து வரும் கலைஞர்களின் பயிற்சிக்கும் இது பொருந்த வேண்டும். வகுப்புக் கதவில் கண்ணாடி இல்லாவிட்டால் கதவு திறந்தே இருக்கட்டும்.

புகார் செய்யும் பயிற்சி இணையத்தில் இலவசம். நிர்வாகக் குழுவினர் முதலில் முடித்துச் சான்றிதழை அலுவலகத்தில் மாட்டுங்கள், பிறகு ஆசிரியர்களைக் கேளுங்கள். சந்தேகம் வந்தவுடன் தொலைபேசியில் தெரிவித்து, 36 மணி நேரத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும் என்பது கடமை உள்ளவர்களுக்கான விதி. "முதலில் தலைவரிடம் சொல்லுங்கள், நாங்கள் பேசிப் பார்க்கிறோம்" என்று நம் கையேட்டில் இருக்கும் வரியை எடுத்துவிடுங்கள். உள்ளே சொல்லிவிட்டதால் அந்தக் கடமை தீராது.

வாட்ஸ்அப் படத்தை அழித்துவிட்டு, ஃபார்வர்ட் செய்தவர்களையும் அழிக்கச் சொல்லி உங்கள் பெயரிலேயே ஒரு வரி போடுங்கள். அதற்குப் பதிலாக, தேடும் முறையைத் தமிழில் ஒரு பக்கத்தில் எழுதி எல்லாப் பெற்றோருக்கும் அனுப்புங்கள். வேண்டுமானால் நாங்களே எழுதித் தருகிறோம்.

பதிலை அடுத்த சனிக்கிழமை வகுப்பு தொடங்குவதற்கு முன் எழுத்தில் எதிர்பார்க்கிறோம்.

பெற்றோர் சிலர்